நீஸ் போவதென்றால் செப்டம்பர் பாருங்கள்

பிரான்ஸின் நீஸ் நகருக்குக் கடலில் குளிக்கவென்றே போகிறீர்கள் என்றால் ஜூலை, ஆகஸ்டை விட்டுவிடுங்கள். அப்போது அங்கே பள்ளி விடுமுறை, கடற்கரையில் துண்டு விரிக்க இடம் தேட வேண்டும், அறை வாடகையும் உச்சத்தில் இருக்கும். செப்டம்பரில் பள்ளிகள் திறந்ததும் கூட்டம் வடியும், ஆனால் கோடை முழுக்கச் சூடேறிய கடல் அவ்வளவு சீக்கிரம் ஆறாது, தண்ணீர் 22, 23 டிகிரி வரை இருக்கும்.

மே மாதம் வெயில் இதமாகத்தான் இருக்கும், ஆனால் தண்ணீரில் கால் வைத்தால் சில்லென்று ஏறும். அப்புறம் இன்னொன்று, பக்கத்திலேயே கான் திரைப்பட விழா, மொனாக்கோ கார் பந்தயம் இரண்டும் மே, ஜூன் வாக்கில் வருவதால் அந்த நாட்களில் நீஸிலும் அறை விலை எகிறிவிடும், தேதியைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.

அக்டோபர், நவம்பரில் அடித்து ஊற்றும் மழை உண்டு. குளிக்கும் ஆசை இல்லை, ஊர் சுற்றினால் போதும் என்பவர்களுக்குப் பிப்ரவரி நல்லது, கார்னிவல் நடக்கும், பக்கத்து மாந்தோனில் எலுமிச்சைத் திருவிழாவும் அப்போதுதான்.

எந்த மாதம் போனாலும் ரப்பர் செருப்பு எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே மணல் இல்லை, கரை முழுக்கக் கூழாங்கல்.