'நான்...' என்று 20 வரி
உலகப் பண்பாடுகள், மதங்கள் பற்றிய பாடத்தை வரைபடத்தில் தொடங்காதீர்கள். 'நான்...' என்று தொடங்கும் 20 வாக்கியங்களை 12 நிமிடத்தில் எழுதும்படி மாணவர்களிடம் சொல்லுங்கள். ஒருவர் தன்னை எப்படிப் பார்க்கிறார் என்று அறிய, சமூகவியலாளர்கள் கூனும் மெக்பார்ட்லாண்டும் 1954-இல் வெளியிட்ட சோதனை இது. தாளில் பெயர் வேண்டாம். மாதிரி வாக்கியமும் சொல்லாதீர்கள், வகுப்பே அதைக் காப்பியடிக்கும். பிறகு உறவு, மதம், ஊர் ஒரு பக்கம், குணம் மறுபக்கம் என்று எண்ணுங்கள்.

சறுக்குவது இங்கேதான்: 'கிழக்கத்தியர் தங்களைக் கூட்டத்தில் ஒருவராகப் பார்ப்பார்கள், மேற்கத்தியர் தனிமனிதராகப் பார்ப்பார்கள்' என்று பிள்ளைகள் முடிவுகட்டிவிடுவார்கள். உடனே 'வீட்டில் நான்...', 'பள்ளியில் நான்...' என்று மறுபடி எழுதவையுங்கள். 1989-இல் வெளியான ஆய்வொன்றில், இப்படிச் சூழலைச் சேர்த்துக் கேட்டதும் ஜப்பானிய மாணவர்களே அமெரிக்கர்களைவிட அதிகமாகக் குணங்களை எழுதினார்கள். தாள்களை மட்டும் சுற்றுக்கு விடாதீர்கள். கையெழுத்தே ஆளைக் காட்டிவிடும்.