மூத்தோர் யோகா வகுப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வகுப்பில் எல்லார் கண்ணும் ஆசனத்தின் மேல்தான். படுப்பதையும் எழுவதையும் யாரும் தனியாகச் சொல்லித் தருவதில்லை. அறுபதைத் தாண்டியவர்கள் தடுமாறுவதோ அங்கேதான்.

மல்லாந்து படுத்து ஓய்வெடுக்கும் சவாசனம் முடிந்து மாஸ்டர் "எழுந்திருங்க" என்றதும் விருட்டென்று எழுந்தால் ரத்தம் கால்பக்கம் இறங்கி, மூளைக்குப் போவது சில விநாடிகள் குறையும், தலை சுற்றும். பிரஷர் மாத்திரையோ, புராஸ்டேட்டுக்கான சில மாத்திரைகளோ எடுப்பவர்களுக்கு இது இன்னும் அதிகம். முதலில் முட்டிகளை மடக்குங்கள். ஒருக்களித்துத் திரும்பி, நாலைந்து மூச்சு அப்படியே இருங்கள். பிறகு கையை ஊன்றி உட்காருங்கள். ஒரு நிமிடம் கழித்து, சுவரையோ நாற்காலியையோ பிடித்து எழுங்கள். தரையில் உட்கார்ந்து எழவே சிரமம் என்றால் வகுப்பு முழுவதையும் நாற்காலியிலேயே செய்யலாம், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. ஆனால் பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம். மொசைக், டைல்ஸ் தரையில் அது வழுக்கும். கைப்பிடி உள்ள மர நாற்காலி அல்லது இரும்பு நாற்காலியைச் சுவரை ஒட்டிப் போடுங்கள். கோரைப்பாயும் ஜமக்காளமும் அதே தரையில் நகரும், ரப்பர் அடிப்பாகம் உள்ள விரிப்பே நல்லது.

அடுத்தது குனிவது. எலும்புப்புரை (எலும்பு மெலிந்து எளிதில் முறியும் நோய்) உள்ளவர்கள் முதுகை வளைத்துக் கால் கட்டைவிரலைத் தொட முயன்றால், முதுகெலும்பின் முன்பக்கம் அழுந்தி விரிசல் விழலாம். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இந்த அபாயம் கூடுதல். கால் நீட்டி உட்கார்ந்து முன்னால் குனியும் பச்சிமோத்தானாசனத்தை விட்டுவிட்டு, முதுகு நேராக இருக்க இடுப்பிலிருந்து லேசாகச் சாய்ந்தால் போதும். கண் அழுத்த நோய் (குளுக்கோமா) உள்ளவர்கள் தலைகீழ் ஆசனங்கள் எதையும் செய்யக் கூடாது. தலை கீழே போனால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறும். கழுத்தை முழு வட்டமாகச் சுழற்றுவதும் வேண்டாம். இடம், வலம், கீழ் என்று மெல்லத் திருப்பினால் போதும்.

புதுச்சேரியில் ஆண்டுதோறும் ஜனவரி 4-இல் தொடங்கும் சர்வதேச யோகா விழா மேடையில் சிறுவர்கள் உடம்பை வளைப்பதைப் பார்த்துவிட்டு, வீட்டுக் கூடத்தில் தாத்தா முயல்வது தனி வகைத் தவறு. கைதட்டுவதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

மூச்சில் செய்யும் தவறு வெளியே தெரியாது. கடினமான நிலையில் பலர் அறியாமலேயே தம் பிடிப்பார்கள். அதில் பிரஷர் ஏறும். ஆசனம் செய்துகொண்டே ஒரு வாக்கியம் பேச முடிகிறதா என்று பாருங்கள், முடியாவிட்டால் தளர்த்துங்கள். பிரஷரோ இதயப் பிரச்சினையோ உள்ளவர்களுக்கு கபாலபாதி (மூச்சை வெடுக்கென்று வெளியே தள்ளுவது), பஸ்திரிகா (வேகமாக மூச்சை இழுத்து விடுவது), கும்பகம் (மூச்சை அடக்குவது) மூன்றும் வேண்டாம். நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விட்டால் போதும்.

முட்டி தேய்ந்தவர்கள், மண்டியிட்டுக் குதிகால் மேல் உட்காரும் வஜ்ராசனத்தில் பல்லைக் கடித்து உட்காராதீர்கள். மூட்டு மாற்று அறுவை செய்தவர்கள், எதைச் செய்யலாம் என்று அந்த மருத்துவரிடமே கேட்டு, பதிலை முதல் நாளே மாஸ்டரிடம் சொல்லிவிடுங்கள்.

இடமும் பார்க்க வேண்டும். கடலூர் சில்வர் பீச் மணலில் ஒற்றைக்காலில் விருட்சாசனம் செய்ய நினைக்காதீர்கள். கால் புதையும், கணுக்கால் திரும்பும். வீட்டில் சுவரோரம், விரல் நுனி சுவரில் பட, கண் திறந்தபடி நில்லுங்கள். மார்கழிப் பனியில் மாடித் தரை ஈரமாக இருக்கும். சித்திரை, வைகாசியில் கடலோரப் புழுக்கம் காலையிலேயே தொடங்கிவிடும், சீக்கிரம் முடித்துவிடுங்கள்.

வெறும் வயிறுதான் யோகாவுக்கு நல்லது என்பதைச் சுகர்காரர்கள் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. இன்சுலினோ, சர்க்கரையைச் சட்டென்று குறைக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் வகுப்புக்கு முன் என்ன சாப்பிடலாம் என்று மருத்துவரிடம் கேளுங்கள். சர்க்கரை இறங்கி நடுக்கமோ குளிர்வியர்வையோ வந்தால் உடனே நிறுத்தி, மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை குடித்துவிட்டு, மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.