குதிகால் வலி: முதல் சுற்று ஷாக்வேவ் ஏன் பலிக்கவில்லை

காலையில் எழுந்து வைக்கும் முதல் நாலைந்து அடியில் குதிகாலில் ஆணி குத்துவது போல வலி. நடக்க நடக்கக் குறையும், உட்கார்ந்து எழுந்தால் திரும்பும். இதுதான் பிளான்டார் ஃபேசியைட்டிஸ்: குதியெலும்பில் தொடங்கி உள்ளங்காலின் அடியில் ஓடும் தடித்த திசுப்பட்டையில் வரும் கோளாறு. ஐஸ், ஜெல் குஷன், இபுப்ரோஃபென் வலி மாத்திரை என்று ஆறு மாதம் ஓட்டியும் தீரவில்லை.

அடுத்தது ரேடியல் ஷாக்வேவ், அதாவது தோலின் மேல் கருவியை வைத்து அதிர்வலைகளை உள்ளே செலுத்தும் சிகிச்சை: வாரம் ஒரு முறை, 3 வாரம், ஒவ்வொரு முறையும் 2000 அதிர்வடிகள், 10 ஹெர்ட்ஸ் (வினாடிக்குப் பத்து), 2 பார் அழுத்தம். பலனில்லை. அழுத்தத்தைக் கூட்டியதில் தோல் கன்றியதுதான் மிச்சம்.

கோளாறு இடத்தில்தான். குதிகாலின் நட்டநடுவில் அடித்துக்கொண்டிருந்தோம். கால் கட்டைவிரலை மேல்நோக்கி வளைத்துப் பிடித்து, குதியெலும்பின் முன்பக்க உள்விளிம்பை அழுத்திப் பார்த்தபோது ஒரே ஒரு புள்ளியில் உயிர் போனது. நடுவிலிருந்து 2 செ.மீ. தள்ளி! அதைப் பேனாவால் குறித்தோம். மரத்துப்போகும் ஊசி போடவில்லை. போட்டால் வலியை வைத்துப் புள்ளியைச் சரிபார்க்க முடியாது. ஜெல்லும் தாராளமாக வேண்டும். இடையில் காற்று நின்றால் அலை உள்ளே போகாமல் திரும்பிவிடும்.

இபுப்ரோஃபென் மாத்திரையையும் மருத்துவர்கள் நிறுத்தச் சொன்னார்கள். ஷாக்வேவ் தூண்டிவிடும், திசு ஆறும் வேலையையே அது மட்டுப்படுத்தக்கூடும் என்பது காரணம்.

இரண்டாவது சுற்றில் 1.5 பாரில் தொடங்கி, தாங்கத் தாங்க 2.5 வரை ஏற்றினோம். கூடவே தினமும் கெண்டைக்கால் நீட்சி. அடித்த அன்றும் மறுநாளும் வலி கூடியது, அது வழக்கம்தான். கடைசி அமர்வுக்குப் பிறகு எட்டாவது வாரத்தில் காலை வலி போயிற்று.

கர்ப்பிணிகள், ரத்த உறைவுத் தடுப்பு மருந்து எடுப்பவர்கள், அந்த இடத்தில் கட்டி உள்ளவர்கள் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.