நோட்ஸ் ஆப் தேர்வு: முதலில் தேடிப் பாருங்கள்

புது நோட்ஸ் ஆப் போட்டதும் தமிழில் நாலு வரி எழுதி, நடுவிலுள்ள ஒரு சொல்லைத் தேடுங்கள். கிடைக்கவில்லையா, அந்த ஆப் வேண்டாம். அப்புறம் டேட்டாவை அணைத்துவிட்டுத் திறந்து பாருங்கள். மெட்ரோ சுரங்கத்தில் சிக்னல் போனாலும் குறிப்பு கையில் இருக்க வேண்டும்.

மளிகைப் பட்டியலுக்கு கூகுள் கீப் தாராளம். பல வருடம் வேண்டியவற்றுக்கு நான் ஆப்சிடியன் என்ற நோட்ஸ் ஆப்பைத்தான் சொல்வேன். எழுதுவதெல்லாம் சாதாரண டெக்ஸ்ட் கோப்புகளாக உங்கள் கருவியிலேயே இருக்கும். ஆப்பை மாற்றினாலும் எழுத்து போகாது.

ஃபோல்டர்களை அடுக்கிக்கொண்டே போகாதீர்கள். தலைப்பைத் தெளிவாக வையுங்கள். ‘வரி’ என்று மட்டும் எழுதாமல் ‘சொத்து வரி, வேளச்சேரி வீடு, 2025-26 முதல் அரையாண்டு’ என்று எழுதினால் அடுத்த முறை உடனே சிக்கும். பாஸ்வேர்டு, ஏடிஎம் பின் மட்டும் இதில் வேண்டவே வேண்டாம்.