டெக் விவாதம் சூடாகும்போது சண்டையாகாம பாத்துக்கறது எப்படி

2018 ஜூலை 12-ம் தேதி, பைத்தான் மொழிய உருவாக்கின கீடோ வான் ராஸம் ஒரு மெயில் போட்டார், இனிமே முடிவெடுக்கற பொறுப்புல நான் இருக்கமாட்டேன்னு. என்ன பிரச்சனைன்னு பாத்தா := அப்படிங்கற ஒரு ஆபரேட்டர், அதாவது கோட்ல எழுதற ஒரு குறி, வால்ரஸ்னு சொல்றோமே அதான். பெப் 572-ன்னு (பெப்னா பைத்தான்ல மாற்றம் கேட்டு எழுதற முன்மொழிவு) அந்த வருஷம் பிப்ரவரில ஆரம்பிச்ச பேச்சு மாசக்கணக்குல இழுத்து கடைசில அக்செப்ட் ஆச்சு, ஆனா இவ்ளோ போராடியும் இத்தன பேர் என் முடிவ வெறுக்கறாங்க, இனிமே இது என்னால முடியாதுன்னு எழுதிட்டு ஒதுங்கிட்டார். 1989 கடைசில இருந்து அவர் கையில வளர்ந்த மொழிங்க அது. பைத்தான் 3.8-ல வந்த அந்த ஆபரேட்டர இன்னிக்கு வேணும்கறவங்க யூஸ் பண்றாங்க, வேணாம்கறவங்க விட்டுடறாங்க, அவ்ளோதான். அதனாலயே எனக்கு இது ரொம்ப மனசுல நிக்குது.

எந்த த்ரெட்லயும் நான் மொதல்ல கேக்கறது இதான்: இந்த முடிவ யார் எடுக்கப்போறாங்க, எப்போ? இது தெரியாத இடத்துல கடைசி கமென்ட் யாருதோ அவங்கதான் ஜெயிச்சாங்கன்னு எல்லாருக்கும் தோணிடும், அப்புறம் யாருமே விடமாட்டாங்க, ராத்திரி ரெண்டு மணிக்கும் ரிப்ளை வரும். ரஸ்ட்ங்கற மொழில ஒரு ஆர்எஃப்சி (மாற்றத்துக்கான முன்மொழிவு) முடிவ நெருங்கும்போது 10 நாள் கடைசி கமென்ட் பீரியட்னு அறிவிச்சுடுவாங்க, புதுசா ஆட்சேபனை இருந்தா அதுக்குள்ள சொல்லிடணும். கீடோ விலகினப்புறம் பைத்தான்லயும் ஓட்டு போட்டு 5 பேர் ஸ்டியரிங் கவுன்சில் வெச்சாங்க, மொத கவுன்சில்ல அவரும் இருந்தார். உங்க டீம்ல நாலே பேர்னாலும் சரி, "வெள்ளிக்கிழமை சாயந்திரம் வரைக்கும் பேசலாம், அப்புறம் லீட் முடிவு பண்ணுவாங்க"ன்னு த்ரெட்டோட மேலயே எழுதிடுங்க.

தேதியும் ஆளும் மட்டும் போதாது. டெபியன்ங்கற லினக்ஸ் டிஸ்ட்ரோல (லினக்ஸ் தொகுப்பு) 2014 பிப்ரவரில எந்த இனிட் சிஸ்டம் (மெஷின் ஆன் ஆனதும் மத்த சர்வீஸ்கள ஆரம்பிச்சு வைக்கற ப்ரோக்ராம்) வைக்கறதுன்னு டெக்னிக்கல் கமிட்டி ஓட்டு போட்டப்போ 4-4 சமமாகி, தலைவரோட ஓட்டுலதான் சிஸ்டம்டி ஜெயிச்சுது. ஆனா அந்த வருஷம் முழுக்க சண்டை ஓயல, கமிட்டில இருந்தே சிலர் விலகினாங்க, கடைசில டெவுவான்னு தனி டிஸ்ட்ரோவே பிரிஞ்சு போச்சு. தோத்த பக்கத்துக்கு நம்ம சொன்னத யாரும் காதுல வாங்கலன்னு ஒரு நினைப்பு வந்துட்டா எந்த ஓட்டும் அத அடக்காது. அதனால சூடு ஏறும்போது யாராவது ஒருத்தர் உக்காந்து ரெண்டு பக்க வாதத்தையும் எழுதணும், அதுவும் எதிர்ப்பக்கத்த அவங்களே "ஆமா, நான் சொன்னது இதான்"னு ஒத்துக்கற மாதிரி எழுதணும். கஷ்டமான வேலை. பாதி நேரம் எழுதும்போதே நமக்கு புரியும், ரெண்டு பேரும் வேற வேற பிரச்சனைய பேசிட்டிருக்கோம்னு. ஒருத்தர் சின்ன சர்வர்ல ஓட்றத சொல்றார், இன்னொருத்தர் நூறு மெஷின மெயின்டெய்ன் பண்றத சொல்றார். "இது ஸ்லோ"ன்னு யாராவது சொன்னா எந்த வெர்ஷன், எவ்ளோ டேட்டா, எந்த மெஷின், எத்தன மில்லிசெகண்ட்னு கேளுங்க, நம்பர் வந்ததும் பேச்சு தானா நிதானத்துக்கு வரும்.

அடுத்தது வார்த்தை. தமிழ்ல டைப் பண்றவங்க முக்கியமா கவனிக்க வேண்டியது "கூட"ங்கற சின்ன சொல். "இது தெரியாதா?" வேற, "இது கூட தெரியாதா?" வேற, ரெண்டாவதுல ஆள நேரா குத்திட்டோம். "அப்பவே சொன்னேன்ல", "பேசிக்ஸ் படிச்சுட்டு வாங்க ப்ரோ" இதெல்லாமும் அப்படித்தான், நேர்ல சிரிச்சுட்டே சொன்னா சரி, ஸ்க்ரீன்ல சிரிப்பு தெரியாது. அனுப்பறதுக்கு முன்னாடி வாக்கியத்தோட எழுவாய் என்னன்னு பாருங்க, "நீங்க லாக்க தப்பா போட்டிருக்கீங்க"ங்கறத "இந்த ஃபங்ஷன்ல லாக் ரிலீஸ் ஆகாம வெளிய வர ஒரு வழி இருக்கு, 40-வது லைன்"னு மாத்தினா அதே விஷயம்தான், கேக்கறவர் உடனே லைன் 40-க்கு போவார்.

கோவம் வந்துடுச்சுன்னா அன்னிக்கு அனுப்பாதீங்க. 1995-ல வந்த ஆர்எஃப்சி 1855-லயே (இது ரஸ்டோடது இல்ல, இன்டர்நெட்ல எப்படி நடந்துக்கணும்னு சொல்ற ஆவணம்), உணர்ச்சிவசப்பட்டு எழுதற பதில ஒரு ராத்திரி நிறுத்தி வைங்கன்னு இருக்கு, இன்னிக்கும் அதவிட நல்ல யோசனை நான் பாக்கல. மீறி அனுப்பிட்டா சுருக்கமா மன்னிப்பு கேளுங்க, "ஆனா நீங்களும்"னு ஆரம்பிக்காம. லினக்ஸ உருவாக்கின லைனஸ் டோர்வால்ட்ஸே 2018 செப்டம்பர்ல, லினக்ஸ் 4.19-ஓட ஒரு ஆர்சி (ரிலீஸுக்கு முந்தின சோதனை வெர்ஷன்) மெயில்லயே, தன்னோட கடுமையான மெயில்களுக்கு மன்னிப்பு கேட்டு கொஞ்ச நாள் ஒதுங்கி இருந்தார். அந்த ரிலீஸ இன்னொரு டெவலப்பர் க்ரெக் க்ரோவா-ஹார்ட்மன் பாத்துக்கிட்டார், கர்னல் (லினக்ஸோட மையப் பகுதி) வேல நிக்கல.

கோட்ல வரிய உள்ள தள்ள டேபா ஸ்பேஸா மாதிரி ருசி சண்டைக்கெல்லாம் மனுஷங்க நேரத்த செலவு பண்ணவே வேண்டாம். கோட்ட தானா ஒரே மாதிரி அடுக்கற டூல் இருக்கு, கோ-ல gofmt, பைத்தான்ல ப்ளாக், ஜாவாஸ்கிரிப்ட்ல ப்ரெட்டியர், ஏதாவது ஒண்ண சிஐ-ல (கோட் அனுப்பினதும் தானா செக் பண்ற சிஸ்டம்) போட்டுடுங்க.

நீங்க மெயின்டெய்னரா (ப்ராஜெக்ட்ட பாத்துக்கறவர்) இருந்தா கிட்ஹப்ல த்ரெட்ட லாக் பண்ணி கமென்ட்ட நிறுத்தற வசதி இருக்கு, காரணமா "ரொம்ப சூடாயிடுச்சு"ங்கற ஆப்ஷனே அதுல உண்டு. லாக் பண்ணும்போது எப்போ திறப்பேன்னு சொல்லுங்க, திறக்கும்போது ரெண்டு தரப்பு வாதத்தையும் எழுதின அந்த சுருக்கத்தோட திறங்க. திட்டினவர்கிட்ட தனியா பேசுங்க, எல்லார் முன்னாடியும் கண்டிச்சா அவர் மானத்த காப்பாத்தவாவது இன்னும் ரெண்டு ரிப்ளை போடுவார். மிரட்டல்னா மட்டும் பேச்சே கிடையாது, ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சுட்டு ப்ளாக், ரிப்போர்ட்.

அப்புறம் அடி வாங்கினவர மறந்துடாதீங்க. பெரும்பாலும் அது மொத தடவ பேட்ச் (கோட் திருத்தம்) அனுப்பின புது ஆளா இருக்கும், த்ரெட்ட மூடினப்புறம் அவருக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லமாட்டாங்க. அன்னிக்கே ஒரு மெசேஜ் போடுங்க, "உங்க பேட்ச்ல இந்த பகுதி நல்லா இருந்துச்சு, டெஸ்ட் மட்டும் சேத்து திரும்ப அனுப்புங்க, நானே ரிவ்யூ பண்றேன்"னு.