வாங்கும் முன்பே வெளியேறும் விலையை எழுதிவையுங்கள்

"இந்தப் பங்கை 100-இல் வாங்கலாம், இலக்கு 106, ஸ்டாப் லாஸ் 97" என்று சந்தை வல்லுநர் ஒருவர் சொன்னால், வாங்கும் விலை, லாபத்தில் விற்கும் விலை (இலக்கு), நஷ்டத்தை நிறுத்த விற்றுவிடும் விலை (ஸ்டாப் லாஸ்) என்ற மூன்று எண்களும் சேர்ந்ததுதான் பரிந்துரை. கேட்பவர் பலரின் காதில் பங்கின் பெயர் மட்டுமே விழுகிறது. அவர்கள் வாங்கப் போகும்போது விலை 103-ஐத் தொட்டிருக்கும்.

அந்த வேறுபாடு சிறிதல்ல. 100-இல் வாங்கியவர் 3 இழக்கத் துணிந்து 6 ஈட்ட முயல்கிறார். மூன்று பரிந்துரைகளில் ஒன்று பலித்தாலே, தரகுச் செலவு நீங்கலாக, அவருடைய கணக்கு சமனாகிவிடும். 103-இல் வாங்கியவரோ 3 ஈட்டுவதற்காக 6 இழக்கத் துணிகிறார். அவருக்கு மூன்றில் இரண்டு பலித்தால்தான் போட்ட பணமாவது மிஞ்சும். ஆகவே எந்த விலைக்கு மேல் வாங்குவதில்லை என்பதை முன்கூட்டியே முடிவுசெய்து, லிமிட் ஆர்டர் (குறித்த விலைக்கு மேல் வாங்காத ஆர்டர்) இட்டுவிட்டு, கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

எத்தனை பங்குகள் என்பதை ஸ்டாப் லாஸைக் கொண்டே கணக்கிட வேண்டும். முதலீட்டுத் தொகை 1,00,000 என்றும், ஒரு வர்த்தகத்தில் அதில் 1 சதவீதத்துக்கு மேல் இழப்பதில்லை என்றும் வைத்துக்கொண்டால், தாங்கக்கூடிய நஷ்டம் 1,000. பங்குக்கு 3 நஷ்டம் என்றால் 333 பங்குகள். வல்லுநரின் குரலில் தொனிக்கும் உறுதிக்கு இந்தக் கணக்கில் இடமில்லை.

வாங்கியவுடனேயே ஸ்டாப் லாஸ் ஆர்டரையும் இட்டுவிடுங்கள். இதை ஒத்திப்போடுபவர்களே மிகுதி. லாபத்தை அவசரமாக விற்று, நஷ்டத்தைப் பிடித்துவைத்திருக்கும் இந்த மனப்போக்கை நிதியியல் ஆய்வாளர்கள் ஷெஃப்ரின், ஸ்டாட்மன் ஆகியோர் 1985-இலேயே ஆராய்ந்து எழுதியுள்ளனர். ஆனால் ஸ்டாப் லாஸ் இட்டிருந்தாலும், மறுநாள் அந்தப் பங்கின் விலை 97-க்குக் கீழே, 94-இல் தொடங்கினால், உங்கள் பங்கு 94-ஐ ஒட்டித்தான் விற்கும். முக்கிய அறிவிப்புக்கு முந்தைய நாள் குறைவாக வைத்திருப்பதைத் தவிர இதற்கு எளிய காப்பு இல்லை.

விலை மேலும் ஏறாமல் கீழும் இறங்காமல் நிற்பதும் உண்டு. அதற்காக ஒரு கெடுவும் தேவை. ஐந்து நாள் பரிந்துரை ஆறாம் நாளில் நீண்டகால முதலீடாக உருமாறக் கூடாது. 100-இல் வாங்கியிருந்தால், விலை 103-ஐத் தாண்டியபின் ஸ்டாப் லாஸை வாங்கிய விலைக்கு உயர்த்தலாம். கீழே இறக்குவது மட்டும் கூடவே கூடாது.

சொல்பவரிடம் அந்தப் பங்கு ஏற்கெனவே இருக்கிறதா என்பதையும் பாருங்கள். தாம் வாங்கிவைத்ததைப் பரிந்துரைத்து, விலை ஏறியதும் விற்ற ஓர் ஆலோசனை நிறுவனத்தின் வழக்கில், அந்த வழக்கத்தை வாடிக்கையாளருக்கு வெளிப்படுத்தியாக வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1963-இல் தீர்ப்பளித்தது. பரிந்துரைப்பவர் வாங்கச் சொன்ன நேரம் உங்களுக்குத் தெரியும். அவர் விற்ற நேரம் பெரும்பாலும் தெரியாது.

ஒருவரைத் தொடரும் முன் அவருடைய 30 பரிந்துரைகளையாவது பணமின்றித் தாளில் பின்தொடருங்கள். அவர் சொன்ன விலையை எழுதாமல், உங்களால் உண்மையில் வாங்கியிருக்கக்கூடிய விலையை எழுதுங்கள்.