மனத்துயரில் இருக்கும் ஏழை மாணவருக்கு உதவி பெற்றுத் தருவது எப்படி?

விடியுமுன் கூலி வேலைக்குக் கிளம்பி இருட்டிய பின் வீடு திரும்பும் பெற்றோரைவிட, அரசுப் பள்ளி ஆசிரியரும் விடுதிக் காப்பாளரும்தான் பிள்ளையின் மாற்றத்தை முதலில் காணக்கூடியவர்கள். மனநலக் கோளாறுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்குள்ளேயும், பாதி 18 வயதுக்குள்ளேயும் தொடங்கிவிடுகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் கூறுவதால், அவர்கள் விழிப்புடன் இருப்பது மிகவும் அவசியம்.

அடிக்கடி வயிற்றுவலி என்று சொல்வது, நண்பர்களிடமிருந்து விலகுவது, எடுத்ததற்கெல்லாம் சீறுவது, காரணமின்றி விடுப்பு எடுப்பது போன்றவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் அதை ஒழுங்கீனம் என்று தண்டிக்காதீர்கள். மதிய உணவுதான் அன்றைய முதல் உணவா, இரவில் வேலைக்குப் போகிறாரா, வீட்டில் குடியும் அடிதடியும் உண்டா என்பதை முதலில் விசாரியுங்கள். பசியும் தூக்கமின்மையும் நோய்போலவே தோன்றும். அவற்றைத் தீர்க்காமல் தரும் ஆலோசனை பயன்படாது.

பிறர் காதில் விழாத, ஆனால் பிறர் கண்ணில் படும் இடத்தில் அமர்ந்து, "சில நாளாகச் சோர்வாக இருக்கிறாயே, என்ன ஆயிற்று?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று மட்டும் வாக்களிக்காதீர்கள்; பாலியல் கொடுமை என்று தெரிந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேட்கலாம்; கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. ஆம் என்றால் பிள்ளையைத் தனியே விடாமல், பூச்சிமருந்து போன்றவற்றைக் கைக்கு எட்டாதபடி அகற்றச் சொல்லி, அன்றே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் இலவச ஆலோசனை கிடைக்கும். குழந்தையின் பாதுகாப்புக்கே ஆபத்து என்றால் குழந்தைகள் உதவி எண் 1098ஐ அழையுங்கள்.

மற்றபடி, மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரை எந்தக் கிழமையில், எங்கே பார்க்கலாம் என்பதை முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். முதல் முறை அழைத்துப் போவதைவிட இரண்டாம் முறை அழைத்துப் போவதுதான் கடினம் என்பது என் உறுதியான கருத்து. மருத்துவமனைக்குப் போனால் தாய் ஒரு நாள் கூலியை இழக்கிறார். பேருந்துக் கட்டணம் வேறு. ஆகவே, மருந்தை ஒரு மாதத்துக்குச் சேர்த்துத் தர இயலுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். தாய் வர முடியாத நாளில் பாட்டியோ சித்தியோ உடன் வர முடியுமா என்று பேசி வையுங்கள். மனச்சோர்வுக்கான மருந்து பலன் காட்டச் சில வாரங்கள் ஆகும் என்பதைப் பெற்றோருக்கு விளக்காவிட்டால், நான்கே நாளில் நிறுத்திவிடுவார்கள். அவர்கள் கோயிலில் மந்திரிக்கவும் தாயத்து கட்டவும் விரும்பினால் அதை எதிர்த்து வாதிட வேண்டியதில்லை. பிள்ளையை அடிப்பதோ கட்டிவைப்பதோ கூடாது, மருந்தும் நிற்கக் கூடாது என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

சிகிச்சை பெறும் செய்தி தலைமையாசிரியருக்கும் வகுப்பாசிரியருக்கும் அப்பால் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மருந்தால் காலையில் தூக்கக் கலக்கம் இருந்தால், எழுத்து வேலையைக் குறைத்துக் கொடுங்கள்.